மருமக்கள் நிலமும் மீராஸ் சட்டமும்: மினங்கபாவ் கிராம வாழ்வு ஓர் ஆய்வு

அரபுக் கல்லூரிகளில் மீராஸ் பாடம் நடைபெறும்போது, 'தவுல் அர்ஹாம்' எனும் பகுதியை எட்டியதும் மாணவர்களிடம் ஒருவிதத் தளர்ச்சி தோன்றுவதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். சகோதரியின் மக்கள், மகளின் மக்கள், தாய்மாமன், சிற்றன்னை ஆகியோர் இவ்வகையினர். நிர்ணயிக்கப்பட்ட பங்குடையோரும் அஸபாக்களும் இருக்கையில் இவர்களுக்கு எதுவுமில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் மூலக் கருத்துப்படி, அத்தகையோர் எவரும் இல்லாதபோதும் சொத்து பைத்துல் மாலுக்கே செல்லும். பைத்துல் மால் ஒழுங்காக இயங்காத காலங்களில் மட்டுமே பிற்கால ஃபுகஹாக்கள் இவர்களுக்கு வழிவிட்டனர். எனவே, 'நடைமுறையில் இப்பகுதி எதற்குப் பயன்படும்?' என்று மாணவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆயின், அதே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகின்ற, இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹா'ஜையும் மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் 'ஃபத்ஹுல் முஈ'னையும் நம்மைப் போலவே ஓதி வருகின்ற ஒரு சமூகத்தில், மாமனின் பொறுப்பிலிருக்கும் வயல் அவனுடைய மகனுக்குச் செல்வதில்லை. சகோதரியின் மக்களுக்கே செல்கின்றது. அச்சமூகமே இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினங்கபாவ் மக்கள். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 65 லட்சம் பேர் தம்மை இவ்வினத்தவர் எனப் பதிவு செய்தனர். உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் என இவர்கள் குறிப்பிடப்படுகின்றனர். மார்க்கப் பற்றிலும் இவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

இம்முரண்பாட்டை நூல்களை மட்டும் கொண்டு விளங்கிக்கொள்ள இயலாது. அச்சமூகத்தின் சிறிய விவசாயக் கிராமமொன்றின் வாழ்வை அறிந்த பின்னரே அங்குள்ள உலமாக்கள் எதை எதிர்த்தனர், எதை ஏற்றனர், ஏன் ஏற்றனர் என்பது தெளிவாகும்.

நகரி எனும் ஊர்

மினங்கபாவ் கிராமத்தின் பெயர் 'நகரி'. நம் செவிக்கு நகரத்தை நினைவூட்டும் இச்சொல் அங்கு வயல் சூழ்ந்த சிற்றூரையே குறிக்கின்றது. புக்கித் பாரிசான் மலைத்தொடரின் நடுவே, மராப்பி, சிங்காலாங், சாகோ ஆகிய மலைகளின் அடிவாரங்களில் இவ்வூர்கள் பரவியுள்ளன. தானா தாத்தார், அகாம், லிமாபூலு கோத்தா எனும் மூன்று மேட்டுநிலப் பகுதிகளும் இவர்களின் தாயகம். இவற்றிற்கு வெளியேயுள்ள கடற்கரையும் தாழ்நிலங்களும் 'ரந்தாவ்', அதாவது குடிபெயர்ந்து செல்லும் நிலம், எனப்படும். ஏறத்தாழ 2,891 மீட்டர் உயரமுள்ள மராப்பி எரிமலையின் சரிவில் அமைந்துள்ள பரியாங்கான் எனும் சிற்றூரையே தம் முன்னோர் முதலில் அமைத்த நகரியாக மரபுக் கதைகள் கூறுகின்றன.

ஒரு குடியிருப்பு நகரி எனும் தகுதியைப் பெறச் சில அடையாளங்கள் வேண்டும். கூடிப் பேச மன்றம், தொழப் பள்ளிவாசல், நடக்கப் பாதை, குளிக்கத் துறை, பயிரிட வயல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மன்றமும் பள்ளிவாசலும் ஒருசேரக் கூறப்படுவது கவனிக்கத்தக்கது. ஊர்த் தலைமையும் அவ்வாறே மூவகைப்பட்டது. குலத் தலைவர்கள், உலமாக்கள், கல்வியறிவு பெற்ற சான்றோர் ஆகிய மூவரையும் ஒரே பானையைத் தாங்கும் அடுப்பின் மூன்று கற்களுக்கு அவர்கள் ஒப்பிடுவர்.

ஊரார் 'ஸுக்கு' எனும் தாய்வழிக் குலங்களாகப் பிரிந்துள்ளனர். கோத்தோ, பீலியாங், போதி, சானியாகோ ஆகிய நான்கும் மூலக் குலங்கள் எனப்படும். பிள்ளை தாயின் குலத்தையே சாரும். ஒரே குலத்தினர் தமக்குள் மணம் செய்வதில்லை. தாயின் சகோதரன் 'மாமக்' எனப்படுகிறான். ஒலியிலும் பொருளிலும் நம் 'மாமன்' என்ற சொல்லுக்கு இது மிக அணுக்கமானது. அவன் பொறுப்பிலுள்ள சகோதரியின் பிள்ளைகளை 'கமனாக்கன்' என்பர். நம் பழந்தமிழ் வழக்கில் 'மருமக்கள்' என்பது எவரைக் குறித்ததோ அவர்களையே இச்சொல்லும் குறிக்கின்றது.

குலத்தின் ஒரு கிளையினர் கூடி வாழ்ந்த வீடு 'ரூமா காடாங்', அதாவது 'பெரிய வீடு'. எருமைக் கொம்புகளைப் போல் இருபுறமும் மேல்நோக்கி வளைந்த கூரையும், தரையிலிருந்து உயர்ந்த மரத்தளமும், முற்றத்தில் தனித்து நிற்கும் நெற்களஞ்சியமும் இதன் அடையாளங்கள். களஞ்சியத்தை 'ரங்கியாங்' என்பர். வீட்டின் முன்பகுதி நீண்ட பொதுக்கூடம். பின்பகுதியில் வரிசையாக அறைகள். மணமான மகள் ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை உண்டு. மகன்களுக்கு அங்கு அறையில்லை என்பதை வாசகர் நினைவில் இருத்த வேண்டும். இதனை மீண்டும் பேசுவோம்.

வயலும் உழைப்பும்

இம்மலைச் சரிவுகளில் நெல்லே முதற்பயிர். மலையூற்றுகளிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் வாய்க்கால் வெட்டி, படிப்படியாக அமைந்த வயல்களுக்கு நீர் பாய்ச்சுவர். சில ஆற்றோரங்களில் மூங்கிலால் ஆன பெருஞ்சக்கரம் நீரோட்டத்தின் விசையாலேயே சுழன்று மேட்டுவயலுக்கு நீரேற்றும். எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு வளமூட்டுகின்றது. எனினும் சமதரை குறைவு. ஆகவே பெரும்பாலான குடும்பங்களின் வயல் ஒரு ஹெக்டேருக்கும் குறைவானதே.

உழுவது ஆண்களின் வேலை. நாற்று நடுதலும் களையெடுத்தலும் பெரும்பாலும் பெண்களுடையவை. அறுவடையில் இருபாலரும் ஈடுபடுவர். முன்னர் எருமை பூட்டி உழுதனர். இன்று கைப்பிடி உழுபொறி பல ஊர்களில் அதனிடத்தைப் பிடித்துள்ளது. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என முறைவைத்து உழைப்பைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் கூலிக்குப் பணமில்லாத சிறு குடும்பங்களுக்குப் பெருந்துணையாக இருந்தது. தம் வயலைத் தாமே உழ ஆளில்லாதோர், விளைச்சலில் பாதிக்குப் பாதி எனும் வாரத்திற்குப் பிறரிடம் விடுவர்.

நெல் வயிற்றுக்கு, கைச்செலவுக்குரிய பணம் மேட்டுநிலத்திலிருந்து வரவேண்டும். இலவங்கப்பட்டை, காப்பி, மிளகாய், காய்கறி ஆகியவற்றை ஊருக்கேற்ப விளைவிப்பர். லிமாபூலு கோத்தா பகுதியில் 'கம்பீர்' எனும் செடியின் இலையை வேகவைத்துப் பிழிந்து, படியும் சாற்றைக் கட்டியாக்கி விற்கின்றனர். வெற்றிலையுடன் மெல்லும் காசுக்கட்டியைப் போன்ற இப்பொருளைப் பெருமளவில் வாங்குவது நம் இந்திய நாடே. வாங்குவோர் குறைவாகவும் விற்போர் அதிகமாகவும் உள்ளமையால், விலையை முடிவு செய்யும் ஆற்றல் விவசாயியிடம் இல்லை.

வாரச்சந்தை ஊர்களுக்கிடையே முறைவைத்து நடைபெறும். பாக்கான் சினாயான், பாக்கான் ரபாஆ, பாக்கான் காமிஸ் என்றெல்லாம் ஊர்ப்பெயர்களே அங்கு உள்ளன. 'பாக்கான்' என்பது சந்தை. எஞ்சியவை இஸ்னைன், அர்பஆ, கமீஸ் எனும் அரபுக் கிழமைப் பெயர்களே. அரபு மொழி இம்மக்களின் பள்ளிவாசலுக்குள் மட்டும் நின்றுவிடாமல் சந்தைவரை சென்றிருப்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

விற்கப்படாத நிலம்

நம் தமிழ் வழக்கிலுள்ள 'முதுசொம்', 'தேட்டம்' எனும் இரு சொற்கள் மினங்கபாவ் சொத்துமுறையை விளக்கப் பெரிதும் உதவுகின்றன. பல தலைமுறைகளுக்கு முன் காடழித்து உருவாக்கப்பட்டு, தாய்வழியாகவே வந்த வயலும் வீட்டுமனையும் 'ஹர்த்தா புசாக்கா திங்கி', அதாவது உயர் முதுசொம். ஒருவர் தம் வாழ்நாளில் உழைத்து ஈட்டியது 'ஹர்த்தா பன்சாரியான்', அதாவது தேட்டம்.

முதுசொம் தனியொருவருக்கு உரிமையானதன்று. மாமன் அதன் பராமரிப்பாளன். சகோதரிகளும் அவர்களின் மகள்களும் அதன் பயனாளிகள். இன்ன வயல் இன்ன பெண்ணின் குடும்பத்திற்கு எனப் பயன்பாடு பிரித்தளிக்கப்படும், நிலம் பிரிக்கப்படாது. குலத்தின் மூத்த பெண் அறியாமலும் இசையாமலும் மாமன் தன்விருப்பமாக எதையும் செய்தல் முறையன்று. ஒரு கிளையில் பெண்மக்களே இல்லாமற்போனால் அக்கிளை 'அற்றுப்போனது' எனக் கருதப்பட்டு, நிலம் அடுத்த நெருங்கிய தாய்வழிக் கிளைக்குச் சேரும்.

இந்நிலத்தை விற்கலாகாது. நான்கு இக்கட்டுகளில் மட்டும் ஒற்றி வைக்கலாம் என்பது மரபு. வீட்டில் மய்யித்து கிடந்து அடக்கச் செலவுக்கு வழியில்லாமை, பருவமெய்திய குமரை மணமுடித்துக் கொடுக்க இயலாமை, பெரிய வீடு ஒழுகிப் பழுதடைதல், காலியாகிவிட்ட குலத் தலைவர் பதவியில் ஒருவரை அமர்த்துதல் ஆகியவையே அந்நான்கு. ஒற்றி பிடித்தவர் பணம் திரும்பும்வரை வயலை உழுது பயன் துய்ப்பார், கெடு கிடையாது. இது பல தலைமுறைகளுக்கு நீள்வதும் உண்டு. விவசாய நிலத்தை 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒற்றியில் அனுபவித்தவர் பணம் பெறாமலேயே திருப்பித் தரவேண்டும் என 1960இல் இந்தோனேசிய அரசு சட்டம் செய்தும், ஊர்களில் பழைய வழக்கமே பெரிதும் நிலைத்தது.

ஆண்களின் இடம்

பெரிய வீட்டில் மகனுக்கு அறையில்லை என்றோம். சிறுவன் ஏழெட்டு வயதை எட்டியதும் இரவில் 'ஸூராவ்' சென்று உறங்குவான். ஸூராவ் என்பது தொழுமிடமும் ஓதுமிடமும் மாணவர் விடுதியும் இணைந்த சிறு கட்டடம். அங்கு அவன் குர்ஆன் ஓதினான். சிலம்பத்தையொத்த 'ஸீலெக்' எனும் தற்காப்புக் கலை பயின்றான். பெரியோரின் பேச்சைக் கேட்டு ஊர்வழக்கை அறிந்தான். பதினேழாம் நூற்றாண்டில் உலாக்கானில் வாழ்ந்த ஷெய்கு புர்ஹானுத்தீன் (ரஹ்) ஷத்தாரிய்யா தரீக்காவை இந்நாட்டில் பரப்பியதும் ஸூராவ் வழியாகவே.

மணமான பின்பும் அவனுக்கென ஓர் இல்லம் அமைந்துவிடவில்லை. மனைவியின் வீட்டில் அவன் மதிப்புக்குரிய விருந்தாளி. முற்காலத்தில் பகலில் தாய்வீட்டு வயலில் உழைத்து, இரவில் மனைவியின் அறைக்குச் சென்று வருவது வழக்கம். மரக்குற்றியின் மேல் படிந்த சாம்பல், காற்று வீசினால் பறந்துவிடும் என்று அவனது நிலையை அவர்களே உவமித்துள்ளனர். மணவிலக்கு நேர்ந்தால் வெளியேறுபவன் அவன்தான். பெண்ணும் பிள்ளைகளும் கூரையை இழப்பதில்லை. முதுமையில் மனைவியை இழந்தவன் தாய்வீட்டிலும் இடமின்றி ஸூராவுக்கே திரும்பிய நிலையும் இருந்தது.

ஆகவே இளைஞன் 'மரந்தாவ்' எனும் வெளியூர்ப் பயணத்தை மேற்கொண்டான். வணிகத்திற்காகவும் கல்விக்காகவும் மதான், ஜகார்த்தா, மலேசியாவின் நெகிரி செம்பிலான், மக்கா எனச் சென்றோர் பலர். 1958 முதல் 1961 வரை நீடித்த உள்நாட்டுக் கிளர்ச்சிக்குப் பின் இப்பெயர்ச்சி பெருகிற்று. ஊரில் எஞ்சுவோர் பெண்கள், முதியோர், சிறுவர். பள்ளிவாசலின் புதிய மாடமும் பழுதுபார்க்கப்பட்ட கூரையும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த பணத்தாலானவை.

உலமாக்களின் வழக்கு

'ஆதத் ஷரீஅத்தைச் சார்ந்தது. ஷரீஅத் அல்லாஹ்வின் வேதத்தைச் சார்ந்தது' என்பது இன்று மினங்கபாவ் மக்கள் அனைவரும் ஏற்கும் கோட்பாடு. இந்நிலையை அவர்கள் எளிதில் எய்திவிடவில்லை.

1803ஆம் ஆண்டளவில் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிகள் தொடங்கிய சீர்திருத்தம், சூது, சேவற்கட்டு, மது ஆகியவற்றை எதிர்த்ததோடு நில்லாமல் வாளேந்தும் நிலைக்கும் சென்றது. 1821இல் டச்சுக்காரர் ஆதத் தலைவர்களின் பக்கம் நின்று தலையிட்டனர். 'பத்ரிப் போர்' எனும் இப்போர், 1837இல் துவாங்கு இமாம் போஞ்சோல் சிறைப்பட்டதோடு ஓய்ந்தது. பெரிய வீடுகள் பல எரிந்தன. ஆயினும் நிலம் தாய்வழியிலிருந்து மாறவில்லை.

அடுத்த எதிர்ப்பு எழுதுகோலால் எழுந்தது. அகாம் பகுதியில் 1860இல் பிறந்து, மக்காவின் ஹரம் ஷரீஃபில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாமாகவும் ஆசிரியராகவும் விளங்கி, 1916இல் அங்கேயே வஃபாத்தான ஷெய்கு அஹ்மது கதீப் அல்மினங்கபாவீ (ரஹ்), பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கையில் சகோதரர்க்கும் சகோதரி மக்களுக்கும் சொத்தளிப்போரை மறுத்து 'அத்தாஈ அல்மஸ்மூஃ' எனும் நூலை எழுதினார்கள். இவ்வாறு சேர்ந்த சொத்து அபகரிக்கப்பட்ட சொத்து, அநாதைகளின் உரிமையை உண்பதற்கு ஒப்பானது என்பது அவர்களின் கடுமையான தீர்ப்பு. அக்காலத்தில் தந்தையின் சொந்தத் தேட்டமும் மருமக்களுக்கே சென்றமையால், இறந்தவரின் பிள்ளைகள் வெறுங்கையுடன் நின்றனர். ஷெய்கு அவர்களின் சினத்திற்கு இதுவே நியாயம்.

அவர்களின் மாணவர் டாக்டர் அப்துல் கரீம் அம்ருல்லாஹ் (1879-1945) வேறொரு வழியில் சிந்தித்தார். 'ஹாஜி ரசூல்' என அறியப்பட்ட இவர் அறிஞர் ஹம்காவின் தந்தை. முதுசொம் எவருடைய தனியுரிமையும் அன்று. ஆகவே மாமன் இறக்கும்போது அது அவன் விட்டுச்சென்ற 'தரிக்கா' ஆவதில்லை. தரிக்கா அல்லாத பொருளில் மீராஸ் பங்கீடு எங்ஙனம் எழும்? கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரைப்படி, விற்கவோ அன்பளிக்கவோ வாரிசாகப் பெறவோ இயலாதவாறு நிறுத்தி, விளைபயனை மட்டும் அறவழிக்கு ஆக்கினார்கள் அல்லவா? அத்தகைய வக்ஃபை ஒத்ததே இதுவும் என்றார் அவர்.

1952இல் புக்கித்திங்கியில் உலமாக்களும் குலத் தலைவர்களும் சான்றோரும் கூடி எடுத்த முடிவும், 1968இல் பாடாங்கில் நடந்த கருத்தரங்கின் முடிவும் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டன. தேட்டம் ஃபராயிள் சட்டப்படி மனைவி மக்களுக்கு; முதுசொம் ஆதத் வழியே தாய்வழியினருக்கு.

நாம் இருதரப்பையும் எடைபோட்டால், ஹாஜி ரசூல் அவர்களின் ஒப்புமை முற்றும் பொருந்தியது எனக் கூற இயலவில்லை. வக்ஃபுக்கு வாகிஃப் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குரிய சொல்லும் வேண்டும். வக்ஃபு நிலத்தை ஒற்றி வைக்கலாகாது. இவர்களோ நான்கு காரணங்களுக்காக வைக்கின்றனர். மேலும், கடன் கொடுத்தவர் ஒற்றி நிலத்தின் விளைச்சலை முழுவதும் உண்பது ரிபாவின் எல்லையைத் தொடுகின்றது. எனினும், 'தரிக்கா இல்லையேல் மீராஸ் இல்லை' எனும் அவருடைய அடிப்படை வாதம் அசைக்க இயலாதது. ஆசிரியரின் கண்டிப்பு தேட்டத்தை அநீதியிலிருந்து மீட்டது. மாணவரின் நிதானம் நிலத்தைச் சிதறாமல் காத்தது. ஒருவரின்றி மற்றவரால் இத்தீர்வு உருவாகியிருக்காது என்பதே நம் கருத்து.

இன்றைய நிலை

இத்தீர்வு சமனிலையில் நிற்க நகரி வலுவுடன் இருத்தல் வேண்டும். 1979ஆம் ஆண்டின் கிராம நிர்வாகச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, 1983இல் 500க்கும் மேற்பட்ட நகரிகள் 3,000க்கும் மேற்பட்ட சிறு நிர்வாகக் கிராமங்களாகப் பிளக்கப்பட்டன. கிராமத்திற்கு இவ்வளவு என வந்த அரசு மானியம் இதனால் பெருகியது. குலத் தலைவர்களின் மன்றமோ செயலிழந்தது. 1999ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டத்திற்குப் பின், 2000ஆவது ஆண்டில் மாகாண அரசு நகரிகளை மீட்டெடுத்தது. ஆயினும் ஒரு தலைமுறைக் காலம் விடுபட்ட பழக்கம் ஆணையால் முழுவதும் திரும்பிவிடுவதில்லை.

இன்று பெரும்பாலோர் பெரிய வீட்டை விட்டுத் தனி வீடுகளில் வாழ்கின்றனர். தந்தை பிள்ளைகளின் கல்விக்கும் உணவுக்கும் பொறுப்பேற்றுள்ளார். இது ஷரீஅத் அவர்மீது விதித்த கடமையே. மாமனோ முன்போல் மருமக்களின் வாழ்வில் இல்லை. ஆனால் நில ஆவணத்தில் கையொப்பமிடும் அதிகாரம் மட்டும் அவரிடம் எஞ்சியுள்ளது. பொறுப்பு தேய்ந்து அதிகாரம் மட்டும் நிற்கும் இடத்தில் துரோகத்திற்கு வழி பிறக்கின்றது. குல நிலம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்குக் கைமாறியதும், முதுசொம் தனியார் பெயரில் பட்டாவானதும், உடன்பிறந்தோர் நீதிமன்றம் ஏறியதும் இதன் விளைவுகளே. இரவில் சிறுவர் உறங்கும் ஸூராவுகள் அருகிவிட்டன.

இயற்கையும் சோதிக்கின்றது. மராப்பி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்ததில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 மே 11 இரவில், சரிவுகளில் படிந்திருந்த சாம்பலும் பாறையும் பெருமழையோடு இறங்கி, தானா தாத்தார், அகாம் பகுதிகளில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. வயல்களைச் சேறும் பாறையும் மூடின. நிலத்தை விற்றுவிட்டு வேறிடம் செல்லும் வழி முதுசொம் உடையோர்க்கு இல்லை. மண்ணை அகற்றி மீண்டும் நாற்று நடுவதே அவர்கள் முன்னுள்ள வழி.

நம்மை நோக்கி ஒரு வினா

இச்செய்திகளை வியப்புக்காக நாம் இங்கு தொகுக்கவில்லை. தாய்வழி மரபின் சாயல் நம் ஷாஃபிஈ கடற்கரை ஊர்களுக்கும் அயலானதன்று. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே தாய்வழிக் 'குடி'கள் உள்ளன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடளித்து, மாப்பிள்ளை அங்கு வந்து வாழும் வழக்கம் உண்டு. மலபாரின் மாப்பிள்ளைமார் தறவாடுகளைப் பிரித்துக்கொள்ள, 1930களின் இறுதியில் சென்னை மாகாணம் தனிச்சட்டமே இயற்றியது. அங்கு தறவாடு பங்கிடப்பட்டுக் கலைந்தது. சுமத்ராவில் பங்கிடாமல் நின்றது.

'சகோதரியின் மகளுக்கு நிலமா? இது ஷரீஅத்திற்கு முரணன்றோ!' என்று மீராஸ் வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. வினா நேர்மையானதே, ஷெய்கு அஹ்மது கதீப் அவர்கள் வினவியதும் அதுவே. ஆனால் அவ்வினாவை எழுப்பும் நாவு, ஸூரா அந்நிஸா மகளுக்கெனத் தெளிவாக விதித்த பங்கு நம் வீடுகளில் எங்கே செல்கின்றது என்பதையும் வினவ வேண்டும். 'திருமணத்தில் நகை போட்டாயிற்று' என்று கூறி, உடன்பிறந்தவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறும் சகோதரர்கள் நம்மிடையே இல்லையா? கையொப்பமிட மறுத்தால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என அஞ்சி இசைபவள், மனமுவந்து விட்டுக்கொடுத்தாள் என்று எந்த ஃபகீஹ் கூறுவார்?

மினங்கபாவ் உலமாக்கள் தம் ஊரின் வழக்கத்தை வேதத்தின் முன் நிறுத்தி நூற்றைம்பது ஆண்டுகள் வழக்காடி, அநீதியான பகுதியைக் களைந்து, எஞ்சியதற்குக் காரணம் தேடினர். அவர்களின் விடையில் நமக்கு ஐயங்கள் இருக்கலாம். ஆயின், தம் வழக்கத்தைத் தாமே விசாரணைக்கு உட்படுத்தும் துணிவு அவர்களிடம் இருந்தது. அத்துணிவை நாம் பெற்ற பின்னரே, பிறர் வயலின் வரப்பைக் குறித்துத் தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கு உண்டாகும்.